கண்ணாடி உடைந்த ஸ்கூட்டியும் என் சின்னப் பையனும்

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணி இருக்கும். கடையை அடைத்துவிட்டு வந்து என் பைக்கை உள்ளே தள்ளும்போதுதான் பார்த்தேன், வீட்டம்மாவின் ஸ்கூட்டியில் இடது பக்கக் கண்ணாடி இல்லை. ஹேண்டில் முனையில் புது உரசல். குனிந்து பார்த்தால் முன்சக்கரத்து மட்கார்டு இடுக்கில் பச்சையாக ஏதோ சிக்கியிருந்தது. இழுத்தேன். வாடிப்போன அரைக்கீரைத் தண்டு, அதோடு ஒரு துண்டு வாழைநார்.

மகனைக் கூப்பிட்டேன். ப்ளஸ் ஒன் படிக்கிறான், 16 வயது. “நேத்து சறுக்கி விழுந்துட்டேன்பா” என்று முழங்கையைக் காட்டினான். சிராய்ப்பு இருந்தது. “பார்த்து ஓட்டக்கூடாதா?” என்று சொல்லிவிட்டு நான் தோசை சாப்பிடப் போய்விட்டேன். கீரைத்தண்டு அப்போதும் என் கையில்தான் இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான் என்று நினைக்கிறேன்.

பத்து மணிக்குக் கதவைத் தட்டியது அவனுடைய கூட்டாளி ஒருவன். ரைஸ்மில்லுக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று அவனுடையது, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அவனோடு சேராதே என்று மகனிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். “மாமா, நாங்க இடிச்சோமே, அந்தக் கீரைக்காரம்மாவுக்குக் கை ஒடிஞ்சிருச்சு. கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க. நான் போய்ப் பார்த்தேன். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு” என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை மாலை மூன்று பேராக ஸ்கூட்டியில் போயிருக்கிறார்கள். ஓட்டியது என் மகன். கடைசியில் உட்கார்ந்தவன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கடைத்தெரு திருப்பத்தில் கீரைக்கூடையைத் தலையில் இருந்து இறக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாவை இடித்திருக்கிறார்கள். மூன்று பேரும் விழுந்து எழுந்திருக்கிறார்கள். ஆட்கள் ஓடி வருவதைப் பார்த்ததும் என் மகன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான். பிறகு ஒரு நாள் முழுக்கப் பள்ளிக்கூடம் போய், டியூஷன் போய், கிரிக்கெட் பார்த்து, சாப்பிட்டு, தூங்கியிருக்கிறான்.

எங்கள் ஊர் டெல்டாவில் ஒரு சின்ன ஊர். திருவாரூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இதற்கு மேல் அடையாளம் சொல்லமாட்டேன். 18 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையை அடையாளம் காட்டக்கூடாது என்று சட்டமே சொல்கிறது, அது சொந்த அப்பனுக்கும் பொருந்தும்.

அன்று இரவு எங்கள் வீட்டில் நடந்த பேச்சைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். “சின்னப் பையன், பயந்துட்டான்” என்று முதலில் சொன்னது என் மனைவி. போனில் மச்சான் அதையே சொன்னார். பக்கத்து வீட்டு அண்ணன் வந்து, “நாமல்லாம் அந்த வயசுல பண்ணாததா?” என்றார். எனக்கும் அந்த வார்த்தை வெந்நீர் ஒத்தடம் மாதிரி இதமாக இருந்தது.

பேச்சோடு பேச்சாக மச்சான் ஒரு வழியும் சொன்னார். “மாப்ளே, உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குல்ல? நீங்க ஓட்டினதா சொல்லிடுங்க. இன்சூரன்ஸ் பார்த்துக்கும். பையன் பேரு எங்கயும் வராது.” ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். எதிரே உட்கார்ந்திருந்த மகன் முகத்தை அப்போது பார்த்தேன். கரண்ட் போய் வந்த வீடு மாதிரி சட்டென்று வெளிச்சம் வந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது. இடித்துவிட்டு ஓடி வந்ததுகூட அவ்வளவு பயமுறுத்தவில்லை.

இதில் நான் பெரிய உத்தமன் போல எழுத விரும்பவில்லை. மச்சான் சொன்னதை ஒரு கால் மணி நேரம் நானும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். எந்தப் பக்கமாக வந்தேன், எத்தனை மணி, சிசிடிவி எந்தெந்தக் கடையில் இருக்கிறது என்பதெல்லாம். எனக்கு அப்போது 47 வயது.

நடுவில் குறுக்கே வந்தவள் என் மகள். காலேஜில் இரண்டாவது வருஷம். “பத்தாவது படிக்கும்போது டியூஷன்லேர்ந்து ஒரு நாள் ஒரு மணி நேரம் லேட்டா வந்தேன். நீங்க ஒரு மாசம் என்கிட்ட பேசலை. அப்போ எனக்கு 15 வயசு. நான் சின்னப் பொண்ணா இல்லையாப்பா?” என்றாள். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

‘சின்னப் பையன்’ என்ற வார்த்தை எல்லாப் பிள்ளைக்கும் கிடைப்பதில்லை என்பது எனக்கு அதற்கு அடுத்த சில நாட்களில் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. என் மகனுக்கு அதைச் சொன்ன அதே பக்கத்து வீட்டு அண்ணன், ரைஸ்மில் பையனைப் பற்றி, “அந்தக் காலிப்பயதான் கெடுத்திருப்பான்” என்றார். இருவருக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே வண்டி. அவன் பின்னால் உட்கார்ந்திருந்தவன் மட்டுமே. திரும்பிப் போய் அந்த அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்தவனும் அவன்தான். பிறகு ஸ்கூட்டியைச் சரிசெய்யக் கொடுத்தபோது மெக்கானிக் கடையில் ஒரு பையன் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். வயது என்ன என்று கேட்டேன், 16 என்றான். என் மகனை அவன் “அண்ணே, அந்தப் பக்கம் பிடிங்க” என்று கூப்பிட்டான். ஒரு போல்ட்டைத் தொலைத்ததற்கு முதலாளியிடம் அவன் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. அந்தப் பையனைச் சின்னப் பையன் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

சரி, எங்கள் வீட்டுக்கே வருகிறேன். மகனுக்கு 14 வயது ஆனபோதே, “டேய், ஓடிப் போய்த் தயிர் வாங்கிட்டு வா” என்று ஸ்கூட்டிச் சாவியைத் தூக்கிப் போட்டது நான். அம்மாவைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவரச் சொன்னதும் நான். நமக்கு வேலை ஆகவேண்டும் என்றால் பிள்ளை பெரிய மனுஷன், அவனே வம்பை இழுத்து வந்தால் சின்னப் பையன். இந்தக் கணக்கைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். எந்த நேரத்தில் எந்த வேஷம் கட்டினால் தப்பிக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும்.

நாமும் அந்த வயதில் பண்ணாததா என்றால், பண்ணினோம். நானும் இன்னும் இரண்டு பேரும் ஒரு தோப்பில் இளநீர் திருடி மாட்டி, தோப்புக்காரரிடம் அடி வாங்கி, அதை வீட்டில் சொல்லாமல் மறைத்திருக்கிறோம். ஆனால் எங்கள் கையில் இருந்தது சைக்கிள். அதில் யாரையாவது இடித்தால் இருவரும் எழுந்து திட்டிக்கொண்டு போய்விடலாம். இன்றைய பிள்ளையின் கையில் நாம் கொடுத்திருப்பது நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு இரும்பு, கூடவே கேமரா வைத்த செல்போன். சைக்கிள் காலத்து மன்னிப்பை அதற்கும் அப்படியே நீட்டினால் எப்படி?

சனிக்கிழமை காலை அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். நானும் அவனும் மட்டும். மனைவி ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் கட்டிக் கொடுத்தாள். நான் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் உறவினரைப் பார்க்கப் போகிற மாதிரி போய் உட்கார்ந்துவிட்டால், பேச வேண்டியதைப் பேசாமலே திரும்பிவிடுவோம் என்று தோன்றியது. வழியில் அவனிடம் சொன்னேன்: “நான் பேசமாட்டேன். நீதான் பேசணும்.”

ஓட்டு வீடு. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. அறுபதைத் தாண்டிய வயது. எங்களை நிமிர்ந்து பார்த்தார். மகன் நின்றான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வாய் திறக்கவில்லை. எனக்குக் கை கால் எல்லாம் பரபரத்தது, ‘மன்னிச்சுக்கங்கம்மா, சின்னப் பையன்’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவன், “பாட்டி, இடிச்சது நான்தான்” என்றான். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

அவர் அதற்கு உருகிவிடவில்லை. அது சினிமாவில்தான் நடக்கும். “ஏன்டா நின்னு ஒரு வாய் தண்ணி குடுக்காம ஓடுன?” என்றார். திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டார். இடித்ததைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அது வரை நான் நடந்த எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘வயசுக் கோளாறு’ என்று மேலே எழுதியிருந்தேன். பிரித்துப் பார்த்தால் அதில் மூன்று இருந்தன. வேகமாகப் போய் இடித்தது ஒன்று. ஆட்களைப் பார்த்துப் பயந்து ஓடியது இன்னொன்று. மறுநாள் முழுக்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது மூன்றாவது. முதல் இரண்டையும் வயதின் கணக்கில் எழுதலாம், முழுக்க இல்லாவிட்டாலும் முக்கால்வாசி. மூன்றாவதை எழுத முடியாது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவன் பின்னால் யாரும் உட்கார்ந்து வீடியோ எடுக்கவில்லை, யாரும் துரத்தவில்லை. யோசிக்க ஒரு முழு நாள் இருந்தது.

இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆலோசனைக்குப் போனபோது அங்கிருந்த மனநல ஆலோசகர், ஆராய்ச்சியும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது என்றார். நானும் தேடிப் படித்தேன். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி, அதாவது ஆசையையும் அவசரத்தையும் பிடித்து நிறுத்தும் பகுதி, இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சுமார் 300 பேரை மூன்று வயதுப் பிரிவாகப் பிரித்து, கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு கொடுத்தார்கள். சிலருக்குத் தனியாக, சிலருக்கு நண்பர்கள் பக்கத்தில் இருக்க. பதின்ம வயதுப் பிள்ளைகள் நண்பர்கள் பார்க்கும்போது தனியாக ஓட்டியதைவிட நிறைய ஆபத்தை இழுத்துக்கொண்டார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. இதே ஸ்டைன்பெர்க் பிறகு எழுதியதில் இன்னொன்றும் இருக்கிறது: அவசரம் இல்லாமல், தனியாக, நிதானமாக யோசிக்கும் விஷயத்தில் 16 வயதுப் பிள்ளை பெரியவர்களுக்கு ரொம்பப் பின்தங்கியவன் அல்ல.

நமக்குப் பாதிதான் காதில் விழும். ‘மூளை இன்னும் வளரவில்லையாம்’ என்று வாட்ஸ்அப்பில் போடுவோம். நிதானமாக இருக்கும்போது அவனுக்கு நன்றாகத் தெரியும் என்ற மறுபாதியைச் சௌகரியமாக விட்டுவிடுவோம். எனக்கு இதில் நடைமுறைக்கு உதவியது இதுதான்: பிள்ளை ஏதாவது செய்துவிட்டு வந்தால், ‘ஏன்டா செஞ்ச?’ என்று கேட்பதில் பயனில்லை, அவனுக்கே தெரியாது. ‘கூட யார் இருந்தாங்க?’ என்று கேட்கலாம். ‘அதுக்கப்புறம் என்ன பண்ணின?’ என்று கட்டாயம் கேட்க வேண்டும். அதையும் அன்று இரவே போட்டு உலுக்கக்கூடாது. தூங்கி எழுந்த பிறகு, பக்கத்தில் யாரும் இல்லாதபோது, சாப்பாடு போட்டுவிட்டுக் கேட்டால் பாதிப் பொய் குறைந்துவிடும். இதெல்லாம் நான் அடி பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் நாள் கன்னத்தில் ஓர் அறையும் விட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்த அம்மாவின் மகன் போலீசில் புகார் கொடுப்பேன் என்றார். கொடுக்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. நாங்களே ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே தெரிந்துகொண்டவற்றைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் சாவியைத் தூக்கிப் போடும் அப்பாக்கள் பலருக்கும் இது தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை ஓட்டி ஒரு குற்றம் நடந்தால், பாதுகாவலரும் வண்டியின் சொந்தக்காரரும் குற்றவாளிகளாகவே எடுத்துக்கொள்ளப்படுவார்கள். நமக்குத் தெரியாமல் ஓட்டினான், அல்லது தடுக்க முயன்றோம் என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது முடியும் வரை லைசென்ஸ் கிடையாது. 16 வயதில் கியர் இல்லாத வண்டி ஓட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். அது 50 சிசிக்கு மேற்போகாத வண்டிக்கு, அதுவும் லைசென்ஸ் எடுத்தால். இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டிகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் வராது. இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று மச்சான் சொன்னாரே, ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால் கம்பெனி, அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தையும் நம்மிடம் திருப்பி வசூலிக்க வழி இருக்கிறது.

பையன் விஷயம் வேறு பாதை. மிகக் கொடிய குற்றமாக இல்லாவிட்டால் பொதுவாக எஃப்ஐஆர் போடுவதில்லை, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்து, குடும்பத்தைப் பற்றிய சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புகிறார்கள். லாக்கப் கிடையாது, விலங்கு கிடையாது. குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அதில் ஒருவராவது பெண். கூண்டு எதுவும் இல்லை, மேசைக்கு எதிரே நாற்காலி. கண்டித்து அனுப்புவது, ஆலோசனைக்கு அனுப்புவது, சமூக சேவை, பெற்றோருக்கு அபராதம், நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பு என்று பல வழிகள் அவர்கள் கையில் இருக்கின்றன. என் மகனுக்கு ஆலோசனையும் சில வாரம் சமூக சேவையும் கிடைத்தது. எனக்கு அபராதம். 25,000 கட்டி, வண்டியின் பதிவையும் இழந்தேன். சிறை இல்லாமல் போனது என் அதிர்ஷ்டம்.

2024 மே மாதம் புனேவில் 17 வயதுப் பையன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் ஐடி ஊழியர்கள் இறந்தார்கள். சில மணி நேரத்தில் ஜாமீன், நிபந்தனைகளில் ஒன்றாக 300 வார்த்தைக் கட்டுரை எழுத வேண்டும் என்றதும் நாடே கொதித்தது. நானும் அன்று டீக்கடையில் உட்கார்ந்து, “பணக்கார வீட்டுப் பையன்னா சட்டம் வளையும்” என்று ஆவேசமாகப் பேசியவன்தான். என் முறை வந்தபோது சிசிடிவி எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டேன்.

குழுமத்துக்கு முதல் நாள் போய்விட்டு வெளியே வந்தபோது மத்தியானம். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. திருவாரூர் வந்தால் தியாகராஜர் கோயிலுக்குப் போகாமல் திரும்ப மனசு வராது. கோயிலையொட்டி அந்தக் கல்தேர் இருக்கிறது, மனுநீதிச் சோழன் கதையைச் செதுக்கியது. கன்றுக்குட்டியைத் தேர் ஏற்றிக் கொன்ற மகனை, அதே தேர்க்காலில் இட்ட அரசன். பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த அரசன்மேல் ஒரே மரியாதை. சின்னப் பையன் என்று சொல்லித் தப்பிக்க விடவில்லையே!

அன்று அங்கே நின்றபோது கதையின் வேறொரு துண்டு ஞாபகம் வந்தது. கன்று இறந்ததும் அந்த இளவரசன் வீதிவிடங்கன் பதறிப்போய், இதற்கு என்ன பிராயச்சித்தமோ அதை அந்தணர்களிடம் கேட்டு, அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும் என்றுதான் போகிறான். பெரியபுராணத்திலேயே அப்படித்தான் வருகிறது. அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்னால்! எத்தனை நூற்றாண்டுக்கு முந்தைய பிள்ளையானாலும் பிள்ளை பிள்ளைதான். ஆனால் தப்பைச் சரிசெய்யவே அவன் கிளம்பினான், மறைக்க இல்லை. இதில் எனக்கு அரசன்மேல் ஒரு வருத்தமும் வந்தது. மணி அடித்த பசுவைப் பார்த்தார், நீதியைப் பார்த்தார், அமைச்சர்களிடம் விவாதித்தார். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, ‘நீ என்னடா நினைக்கிற, நீ என்ன செய்யப் போற?’ என்று ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை. சிவபெருமான் வந்து எல்லோரையும் எழுப்பிவிட்டதால் கதை நல்லபடியாக முடிந்தது. நம் ஊரில் அந்த வசதி இல்லை.

மகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவன் தேரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கன்னுக்குட்டி எங்கப்பா?” என்று கேட்டான். காட்டினேன்.

கைக்கட்டு ஆறு வாரம் என்றார்கள். அந்த ஆறு வாரமும் அந்த அம்மாவுக்கு வியாபாரம் இல்லை. ஒரு நாளைக்கு முந்நூறு, முந்நூற்றைம்பது நிற்குமாம். அந்த வருமானத்தை நான் கொடுப்பதாகச் சொன்னேன். வாங்கிக்கொண்டார், ஆனால் வாடிக்கை போய்விடுமே என்றார். பத்து வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்து பிடித்த வாடிக்கை. ஒரு வாரம் ஆள் இல்லை என்றால் வேறொருவர் சாக்கை விரித்துவிடுவார். இது எனக்குத் தோன்றாத விஷயம். பணம் கொடுத்தால் கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

என்ன செய்யலாம் என்று அவரிடமே கேட்டோம். “காலையில கொல்லைக்காரர்கிட்ட கீரை எடுத்து வந்து, கட்டிக் குடுத்தா நான் ஒத்தக் கையால வித்துக்குவேன்” என்றார். மகன் சரி என்றான். குழுமம் சொன்ன சமூக சேவை வேறு, இது வேறு. யாரும் எழுதிக் கொடுக்காதது.

ஐந்து மணிக்கு எழ வேண்டும். சைக்கிளில் மூன்று கிலோமீட்டர் போய் ஈரக் கீரையைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, திண்ணையில் கொட்டிப் பிரித்துக் கட்டு போட வேண்டும். முதல் வாரம் நானே இரண்டு நாள் கூடப் போய்ப் பார்த்தேன். கீரைக்கட்டு போடுவது வேடிக்கையான வேலை இல்லை. வேர்ப்பக்கம் சமமாகத் தட்டி, வாழைநாரை நனைத்து, இரண்டு சுற்று சுற்றி, முடிச்சுப் போடாமல் நுனியை உள்ளே செருக வேண்டும். இறுக்கினால் தண்டு நசுங்கி மத்தியானத்துக்குள் அழுகும். தளர விட்டால் கூடையிலிருந்து எடுக்கும்போதே அவிழும். அவன் கட்டியது எல்லாம் அவிழ்ந்தது. அந்த அம்மா இடது கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி, கீழே போட்டு, “திரும்பக் கட்டு” என்றார். கோபமாகவும் இல்லை, பிரியமாகவும் இல்லை. வேலை கற்றுக்கொடுக்கிறவர் சொல்கிற மாதிரி.

ஒன்பதாவது நாள் அவன் போகவில்லை. முதல் நாள் வகுப்பில் யாரோ ‘கீரை’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். என் மனைவி என்னைப் பார்த்தாள். “விடுங்க, ஒரு நாள்தானே, பையன் களைச்சுப் போயிட்டான்.” இந்த இடத்தில்தான் நான் அதிகம் திணறினேன். அடித்து எழுப்பவா? அவனுக்குப் பதில் நான் போகவா? இரண்டும் தப்பு என்று தோன்றியது. “நீ வரலைன்னு அந்தம்மாகிட்ட போய் நீயே சொல்லிட்டு வந்து படுத்துக்கோ” என்றேன். இருபது நிமிடம் அசையவில்லை. பிறகு எழுந்து போனான். போனவன் கீரையோடு வந்தானா, சொல்லிவிட்டு மட்டும் வந்தானா என்று நான் கேட்கவில்லை. எட்டு மணிக்குக் கடைக்குப் போகும் வழியில் பார்த்தேன், அந்த அம்மா சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். முன்னால் கீரைக்கட்டுகள். கட்டுகள் கொஞ்சம் கோணல்தான்.

இன்னொரு நாள் ரைஸ்மில் பையனும் கூட உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தான். அவன் கை வேகம். என் மகன் மூன்று கட்டுவதற்குள் அவன் ஐந்து கட்டினான். அவன் அம்மாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குப் பல நாளாக இருந்தது. கடைசியில் கடைக்குச் சாமான் வாங்க வந்தபோதுதான் கேட்டேன். அவர், “எம்மவனும் வண்டில ஏறுனான்ல, அவனையும் நான் நாலு சாத்து சாத்துனேன்” என்று சொல்லிவிட்டு அரை கிலோ ஆணி கேட்டார்.

மூன்றாவதாக உட்கார்ந்து வீடியோ எடுத்தவன் வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. அவனை வேறு டியூஷனுக்கு மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் பிள்ளையைத் தேவையில்லாமல் வேலை வாங்குகிறோம் என்று அவன் அப்பா யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அன்று இரவு என் மகள் குறுக்கே வராமல் இருந்திருந்தால் நானும் அவரும் ஒன்று.

இப்போது மகனுக்கு 17 முடியப் போகிறது. திருந்திவிட்டான் என்று எழுதினால் அவனே சிரிப்பான். போன மாதம் தொட்டுப் பேச முடியாத கோபத்தில் ரிமோட்டைச் சுவரில் அடித்து உடைத்தான். மார்க் ஷீட்டில் ஒரு பாடத்தை இரண்டு நாள் மறைத்தான். மூன்றாம் நாள் அவனே கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். முன்னே ஒரு வாரம் ஆகும், இப்போது இரண்டு நாள். ரிமோட்டுக்குப் பணம் அவன் சேமிப்பிலிருந்து போனது, அதில் பேரம் பேசவில்லை. பள்ளிக்குச் சைக்கிள்தான். 25 வயது வரை லைசென்ஸ் இல்லை என்பது அவனுக்கு உறைத்திருக்கிறதா தெரியவில்லை. கூட்டாளிகள் எல்லோரும் 18-இல் எல்எல்ஆர் எடுக்கக் கிளம்பும்போது உறைக்கும் என்று நினைக்கிறேன். அக்காவுக்குத்தான் புது வண்டி. சாவி அவளிடம். தயிர் வாங்க நான் நடந்து போகிறேன்.

அந்த அம்மாவுக்கு மழைக்காலத்தில் மணிக்கட்டு இன்னும் குடைகிறதாம். கூடையை இப்போது தலையில் தூக்குவதில்லை, சைக்கிள் காரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு மணத்தக்காளி வாங்க மகன்தான் போவான். மற்றவர்களுக்குச் சமயத்தில் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடுகிறவர், அவனுக்கு மட்டும் போடுவதில்லை. கட்டு 20 ரூபாய் என்றால் 20 ரூபாய்தான். அவன் வாங்கி வந்து, கட்டைப் பிரித்துப் பார்த்து, “இது அவங்க கட்டினது இல்லம்மா, வேற யாரோ கட்டியிருக்காங்க” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான், போன வாரம்.